மையத்தில் மச்சான்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துப் பிழைப்பவன் நான். ஆனால் வட்ட இயக்கம் வந்தால் மட்டும் பாடத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் தள்ளிவிடுவேன். காரணம், என் மச்சானின் இடது கால்.

மாமனாரின் அஸ்தியைக் கரைக்க முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போனோம். நானும் என் மனைவியின் தம்பி சேகரும் மட்டும். கலயத்தை இரு கையாலும் ஏந்தி, திரும்பிப் பார்க்காமல் கடலில் விட வேண்டும் என்பது வழக்கம். அதனால் அவன் முன்னால் நின்றுகொண்டான், என்ஜின் கைப்பிடி எனக்கு வந்தது.

"நேரா புடி மாமா, அவ்ளோதான். ஸ்பீடுல கை வெக்காத."

வேகத்தை நான் தொடவேயில்லை. (இன்றுவரை என்னுடைய ஒரே வாதம் அதுதான்.) எதிரே வந்த அலைக்கு மிரண்டு கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினேன். படகு திரும்பியது. சேகர் திரும்பவில்லை. போன திசையிலேயே போனான், அப்பாவோடு தண்ணீருக்குள்.

கைப்பிடியை விடாமல் இறுக்கியதில் படகு வட்டமடித்து அவன் மேலேயே வந்தது. முங்கித் தப்பினான், கால் என்ஜின் விசிறிக்குத் தப்பவில்லை. பிறகு வட்டத்தின் நடுவில் தலை தெரிந்தது, சுற்றிலும் தண்ணீர் சிவந்தது.

"என்ஜின ஆஃப் பண்ணு மாமா."

"தோ, வந்துகினே கீறேன்டா."

"வராத மாமா. ஆஃப் பண்ணு."

வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுகிறது, ஆகவே திசைவேகம் மாறுகிறது, ஆகவே முடுக்கம் உண்டு, அதுவும் எப்போதும் மையத்தை நோக்கி. எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். மையத்தில் சேகர் இருந்தான். நொடிக்கு நொடி அவனை நோக்கியே முடுக்கப்பட்டும், ஓர் அடிகூட நெருங்கவில்லை.

கடைசியில் வியர்வையில் கை வழுக்கியது. படகு வட்டத்தை விட்டு, புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே தொடுகோட்டில் நேராக ஓடியது. எழுந்து ஓடப் பார்த்தேன் (கடலில் எங்கே ஓடுவது?). கால் தட்டி பெட்ரோல் டியூப் பிடுங்கிக்கொள்ள, என்ஜின் அணைந்தது.

சேகர் நீந்தி வந்து ஏறினான். கலயம் போய்விட்டது; அதன் வாயைக் கட்டியிருந்த, கையில் மிஞ்சிய துணியால் காலைச் சுற்றினான்.

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

இரண்டு விரல்கள் போய்விட்டன. மாமனாரைக் கரைக்கப் போய் மச்சானையும் கரைக்கப் பார்த்தவன் என்று குப்பத்தில் எனக்குப் பெயர். கோயிலில் நான் பிரகாரம் சுற்றும்போதெல்லாம் சேகர், "போதும் மாமா, என்ஜின ஆஃப் பண்ணு" என்பான். குடும்பமே சிரிக்கும்.

என் மனைவி மட்டும் தம்பியின் செருப்பைப் பார்ப்பாள்.