நிஸ்லிக்குத் துப்பாக்கி உண்டு, டிக்கெட் இல்லை

மனித குலம் இதுவரை கண்டறிந்த நீதிமுறைகளில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால் நான் தயங்க மாட்டேன். எங்கள் மாநில மேலவையின் 'பாதுகாப்பு மற்றும் உரிமைகள் சமநிலைக் குழு' இயற்றிய சட்டம்தான் என்பேன். நான் அந்தக் குழுவின் செயலாளர் என்பதால் சொல்லவில்லை. அமெரிக்காவில் இத்தனை மாநிலங்கள் இருக்கின்றன. ஒரே மனிதனை ஒரே நேரத்தில் முழுமையாக நம்பவும் முழுமையாகச் சந்தேகிக்கவும் அவற்றில் ஒன்றுக்காவது வழி தெரிந்திருந்ததா? நாங்கள்தான் கண்டுபிடித்தோம்.

விஷயம் இதுதான். பயங்கரவாதிகளாக இருக்கலாமோ என்று சந்தேகிக்கப்படுபவர்களின் பெயர்களை மத்திய அரசு ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற முடியாது. ஏன் ஏறியது என்று சொல்ல மாட்டார்கள். ஏறியிருக்கிறதா என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே ஆள் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இது நன்றாகவா இருக்கிறது என்று சிலர் கேட்டுவிட்டார்கள். மக்கள் ஒரு கேள்வி கேட்டால் உடனே ஒரு குழு அமைத்து அதை அடக்கம் செய்வது எங்கள் மரபு.

குழுவுக்கு இரண்டு தலைவர்கள், கட்சிக்கு ஒருவர். செனட்டர் ஹாலிஸ் க்ராக் வெகுகாலமாக அந்தப் பட்டியலின் பரம பக்தர். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பது அவருடைய புகழ்பெற்ற உரை. செனட்டர் டோரதியா பெல் அதே பட்டியலின் பரம எதிரி. "விசாரணை இல்லாத தண்டனை ஜனநாயகத்துக்கு அவமானம்" என்பது அவருடைய புகழ்பெற்ற உரை. 'துப்பாக்கி' என்ற சொல் கூட்டத்துக்குள் நுழைந்த அன்று, இருவரும் எழுந்து மற்றவருடைய உரையை ஆற்றினார்கள். க்ராக் விசாரணை இல்லாத தண்டனையை நினைத்துக் கண் கலங்கினார். பெல், தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று மேசையைத் தட்டினார். கொள்கைப் பிடிப்பு என்றால் இதுதான். பழைய குறிப்புகளில் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டேன். என் வேலையும் குறைந்தது.

நடுவில் கொஞ்சம் தாமதம். மான் வேட்டைப் பருவம் தொடங்கும் திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. துப்பாக்கியைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய உறுப்பினர்கள் அத்தனை பேரும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விட்டார்கள். களப்பணி என்று பதிவு செய்தேன்.

திரும்பி வந்ததும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. பேசுகிறவர் முன்னால் மூன்று விளக்குகள் இருக்கும். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கலாம், சிவப்பு எரிந்தால் ஜனநாயகம் போதும் என்று பொருள். அப்படி வந்து நின்றவர்தான் லோவல் நிஸ்லி.

நிஸ்லி ஆப்பிள் தோட்டக்காரர். மென்னோனைட் சபையைச் சேர்ந்தவர். போர் கூடாது, ஆயுதம் கூடாது, நீதிமன்றத்தில் சத்தியம் செய்வதுகூட கூடாது, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்கிற கூட்டம் அது. அவருடைய தம்பிமார்கூட மான் சுடப் போவார்கள். இவர் போக மாட்டார். தோட்டத்தில் மான் புகுந்து ஆப்பிளைத் தின்றால் கையைத் தட்டுவார், அதுவும் மெதுவாக. சில வருடங்களுக்கு முன் சபைப் பெண்கள் தைத்த போர்வைகளை எடுத்துக்கொண்டு சிரியா எல்லையில் அகதிகள் முகாமுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் எந்த விமான நிலையத்திலும் அவர் பெயரைத் தட்டியவுடன் கவுண்டரில் இருப்பவரின் சிரிப்பு நின்றுபோக ஆரம்பித்தது. போர்வைதான் காரணம் என்பது ஊகம். எங்கள் நாட்டில் குளிரில் நடுங்குகிறவனுக்குப் போர்வை கொடுப்பது குற்றமில்லை. எந்தக் குளிர் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எனக்குத் துப்பாக்கி எல்லாம் வேணாங்க," என்று ஆரம்பித்தார். "என் பொண்ணு ஜெனலுக்கு ஹவாயில கல்யாணம். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்து வருவேங்கறா. அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கா, இருந்தா ஏன்னு ஒரு ஜட்ஜ் முன்னாடி நின்னு கேக்கணும். அவ்வளவுதான்."

காரில் போகலாமே என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். நடுவில் கடல் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார். கடல் இருப்பது பதிவு செய்யப்பட்டது. கப்பல் கம்பெனியும் அதே பெயரைத் தட்டிப் பார்த்து அதே முகத்தைத்தான் காட்டியது என்றார் நிஸ்லி.

க்ராக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க துப்பாக்கி வாங்கப் போய், குடுக்க மாட்டேன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க. டிக்கெட்தான்."

"அப்ப உங்க உரிமை எதுவும் பறிபோகலையே. அரசியல் சாசனத்துல துப்பாக்கி இருக்கு. விமானம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

"அப்ப விமானமே கண்டுபிடிக்கலையேங்க."

"அது சாசனத்தோட தப்பு இல்லையே."

செனட்டர் பெல்லுக்கு இளகிய மனம். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, மிஸ்டர் நிஸ்லி," என்றார். "அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்க கைக்குத் துப்பாக்கி போயிடாம பாத்துக்கப் போறோம்."

நிஸ்லி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

சட்டம் நிறைவேறியது. அதன் அழகை என்னவென்று சொல்ல? பட்டியலில் இருப்பவருக்குத் துப்பாக்கி கிடையாது. பெல் தரப்புக்கு வெற்றி. ஆனால் அப்படி மறுக்கப்பட்டவர் உடனடியாக நீதிபதி முன் நிற்கலாம், வக்கீல் உண்டு, ஆதாரம் காட்டும் பொறுப்பு அரசுடையது. க்ராக் தரப்புக்கு வெற்றி. வாங்கிய துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதாக இருந்தாலும் அதே விசாரணை உண்டு. விமானம்? விமானத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெற்றி பெற வேண்டிய தரப்பு வேறு எதுவும் மீதி இல்லையே.

சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த ஒரே குடிமகள் நிஸ்லியின் மனைவி ஆர்லீன். ஓட்டுப்போட்ட உறுப்பினர்கள் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. படித்து முடித்ததும் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த ஆப்பிள் ஜாமை இறக்கி வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

"லோவல், நீ போய் ஒரு துப்பாக்கி வாங்கு."

"ஆர்லீன், உனக்கு உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. விமானம் இல்லைன்னா வீட்டுக்குப் போன்னுதான் சொல்றாங்க. துப்பாக்கி இல்லைன்னா ஜட்ஜ்கிட்ட போன்னு சொல்றாங்க. நீ ஜட்ஜ்கிட்ட போகணுமா, வேணாமா?"

நிஸ்லி இரண்டு ஞாயிறு ஜெபித்துவிட்டு டேல் அம்பர்கரின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். டேல் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தெரிந்தவர். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நிஸ்லியிடம்தான் ஆப்பிள் சாறு வாங்குவார். திருட்டுப் பயமா என்று விசாரித்தார்.

"அதெல்லாம் இல்ல, டேல். எதைக் கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்வாங்க? அதைக் குடு."

"கடை வச்ச நாள்லேர்ந்து இப்படி ஒருத்தன் கேட்டதில்லப்பா," என்றார் டேல். துப்பாக்கி வாங்குகிறவர்களைச் சரிபார்க்கும் மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டார். பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னார். ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் பதில் வந்தது. "நல்ல சேதி, நிஸ்லி. நீ சுத்தமான ஆளாம்."

"இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்."

கேட்டார். நிஸ்லி இன்னும் சுத்தமாகவே இருந்தார்.

இங்கேதான் எங்கள் சட்டத்தின் உச்சம். இவர் பட்டியலில் இருக்கிறாரா என்று மாநிலம் கேட்டது. 'உறுதிப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது' என்று மத்திய அரசு பதில் சொன்னது. பெயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் சந்தேகத்துக்குரியவர் உஷாராகிவிடுவார். அவர் உஷாராகாமல் இருக்க வேண்டுமானால் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. ஆகவே துப்பாக்கிக் கடையில் அந்த வாக்கியத்துக்கு 'இல்லை' என்று பொருள் கொண்டார்கள். விமான நிலையத்தில் அதே வாக்கியத்துக்கு 'ஆம்' என்று பொருள். சந்தேகத்தின் பலன் இரண்டு இடத்திலும் வழங்கப்படுகிறது. ஓரிடத்தில் மனிதனுக்கு, ஓரிடத்தில் சந்தேகத்துக்கு.

"வேணாம்னா விட்டுட்டுப் போ," என்றார் டேல். "ஆனா ஒண்ணு. வாங்கினதைப் பிடுங்கணும்னாலும் ஜட்ஜ்தான் விசாரிக்கணும்னு புதுச் சட்டத்துல போட்டிருக்காமே."

நிஸ்லி வாங்கினார். ஆர்லீன் அதைத் தொடவில்லை. கரண்டியால் சுட்டிக்காட்டி, ஆப்பிள் பலகாரம் வைக்கிற அலமாரியைத் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் வை என்றார். விஷயம் ஊரில் பரவி, அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் நிஸ்லிக்கு இருபுறமும் இருக்கை காலியாகக் கிடந்தது. அவருடைய தாத்தா போருக்குப் போக மறுத்துச் சிறை போனவர். பேரன் தலையைக் குனிந்துகொண்டு பாடினார்.

திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு வட்டாரக் காவல் தலைவரான ஷெரிப் ராய் ஸூக்கிடம் போய், நான் ஆபத்தான ஆள், தயவுசெய்து பறிமுதல் செய்யுங்கள் என்றார்.

"தானா கொண்டுவந்து குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு சட்டம்," என்றார் ஷெரிப். "யாராவது உங்களை மிரட்டியிருக்கலாம்."

"யாரும் மிரட்டலைங்க."

"மிரட்டப்பட்டவங்க எல்லாம் அப்படித்தான் சொல்வாங்க. இதை ஜட்ஜ் கிட்டத்தான் அனுப்பணும்."

ஷெரிப் அலுவலகத்தில் அத்தனை மகிழ்ச்சியாக ஒருவர் கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

குடியிருக்க வீடு, குழந்தை யாருடன் வளர்வது என்பது போன்ற சில்லறை வழக்குகள் எல்லாம் தள்ளிவைக்கப்பட்டு, துப்பாக்கியின் எதிர்காலம் முதலில் விசாரணைக்கு வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம். நீதிபதி மார்கரீத் டீல் கனிவானவர். நிஸ்லி சத்தியம் செய்ய மறுத்ததற்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை.

இவர் ஆபத்தானவர் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று அரசு வக்கீலைக் கேட்டார். வக்கீல் எழுந்து, உறுதிப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தன்னை ஆபத்தானவர் என்று நிரூபிக்கும் வேலை முழுவதும் நிஸ்லியின் தலையில் விழுந்தது.

"என்னை விமானத்துல ஏத்த மாட்டேங்கறாங்க, யுவர் ஆனர். ஏதாவது காரணம் இருக்கணுமே."

"என்ன காரணம்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

டேல் சாட்சி சொன்னார். ஷெரிப் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர், மான் கதையைச் சொன்னார். தீர்ப்பு அரை மணியில் வந்தது. லோவல் நிஸ்லி நேர்மையானவர், சாந்தமானவர், பொதுமக்களுக்கு எவ்வித ஆபத்தும் இல்லாதவர். துப்பாக்கி அவரிடமே இருக்கட்டும். க்ராக் ஆள்விட்டு வாழ்த்துச் சொன்னார்.

"இதையே விமானக் கம்பெனிக்கும் ஒரு வரி எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் நிஸ்லி.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அது என் அதிகாரத்துல இல்ல, மிஸ்டர் நிஸ்லி," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்படும் அதிகாரத்தை மட்டும் எங்கள் சட்டம் நீதிபதிகளிடமிருந்து எடுக்கவில்லை.

தீர்ப்பின் நகலோடு நிஸ்லியும் ஆர்லீனும் விமான நிலையம் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இது துப்பாக்கிக்கு, சார்" என்றார்.

"நீ போ," என்றார் நிஸ்லி மனைவியிடம். "ரெண்டு பேருமே வரலைன்னா அவ தாங்க மாட்டா."

"உன்னை விட்டுட்டா?"

"எனக்கென்ன. நான்தான் ஆபத்தில்லாதவன்னு எழுதியே குடுத்துட்டாங்களே."

ஆர்லீன் போனார். கடற்கரையில் ஜெனல் தனியாகத்தான் நடந்து வந்தாளாம். வேறு யாரோ கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாளாம். நடக்கும்போது வலது கையை மட்டும், பக்கத்தில் யாரோ பிடித்திருப்பது போலச் சற்று மடித்தே வைத்திருந்தாளாம். தோட்டத்தில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த நிஸ்லி, படம் நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினாராம். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள்தான் நின்றிருந்தாள்.

அடுத்த வாரம் அவர் எங்கள் குழுவுக்கு எழுதினார். கோபமில்லாத நாலு வரி. 'நீங்கள் என்னை நம்புகிறீர்களா, சந்தேகப்படுகிறீர்களா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்' என்று கேட்டிருந்தார்.

குழு கூடியது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு முதல்முறையாக க்ராக்கும் பெல்லும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். ஏகமனதான அந்தப் பதிலை அரசு முத்திரையோடு நான்தான் அனுப்பிவைத்தேன்:

'அன்புள்ள திரு. நிஸ்லி, தங்கள் கையில் துப்பாக்கி இருக்கும்வரை தங்களை நாங்கள் முழுமையாக நம்புகிறோம். தாங்கள் வெறுங்கையோடு மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.'