அழும் பாறையும் சொட்டு நீலமும்

காலையில் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையைப் பிரிக்காமலே டப்பாவில் போட்டு மூடினார் அவள் கணவர்.

“தீர்த்தம் குடிக்கிறவன் மாத்திரை முழுங்கினா மலை கோவிச்சுக்குமாம்.”

மலை கோபித்துக்கொள்ளவில்லை. மாலைக்குள் மூளையில் ரத்தக்குழாய்தான் வெடித்தது.

அவள் மலையடி லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விறகு பொறுக்கப் போவார்கள். அப்போது மலைக்கு அழத் தெரியாது. பிறகு சுற்றுலாப் பேருந்து வந்தது. லாட்ஜ் வந்தது. லாட்ஜ்காரரின் மச்சான் தாடியோடு வந்து சாமி ஆனார். உடனே பாறைக்குத் துக்கம் பொங்கிவிட்டது! கண்ணீரைத் தீர்த்தம் என்று பாட்டிலில் அடைத்து விற்றார். சர்வரோக நிவாரணியாம். சனம் முண்டியடித்து வாங்கியது.

கணவர் போன ஈரம் காயுமுன் நாத்தனார் வந்து நின்றாள். சர்க்கரை நோய்க்காரி.

“அண்ணி, நாளையிலேருந்து ஊசியை நிறுத்தப்போறேன். அண்ணனுக்கு நம்பிக்கை பத்தலையாம், அதான் போயிட்டாராம். சாமி சொன்னாரு.”

அன்று திங்கட்கிழமை. திங்களன்று பாறை அழாது. ‘மலைக்கு மௌன விரதம்’ என்பார் சாமி. வாரத்து விரிப்புகளையெல்லாம் அலசி அவள் லாட்ஜின் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்வதும் திங்களன்றுதான். அழுக்குத் துணிக்கும் மலையின் விரதத்துக்கும் என்ன உறவு?

மறுநாள் நாத்தனாரைப் பாறையடியில் நிறுத்திவிட்டு, லாட்ஜ் மொட்டைமாடி ஏறினாள். நாலு புட்டி சொட்டு நீலத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். இறங்கி வந்து, “கொஞ்சம் பொறுங்க, யாரும் குடிச்சிடாதீங்க” என்றாள்.

சாமி கண்ணை மூடினார். “தாயே, இரங்கு!”

பாறை நீலமாக அழுதது.

“ஐயோ, மலைக்குக் கோபம்!”

“கோபம் இல்ல சாமி, சொட்டு நீலம். நான்தான் தொட்டியில ஊத்தினேன். உங்க மச்சான் லாட்ஜுல போய்ப் பாருங்க, கக்கூஸ்லகூட மலை அழுவுது!”

பேருந்து ஓட்டுநர் பாறைக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தார். நீளமாக ரப்பர் குழாய் வந்தது. சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, முழங்கால் வலிக்கு மருந்து விற்றவர் என்பதை அப்போதுதான் நம்ப முடிந்தது.

“அப்ப அண்ணன்…” என்றாள் நாத்தனார்.

“உங்க அண்ணனுக்கு நம்பிக்கை குறையலம்மா. அது மட்டும்தான் இருந்துச்சு.”

கும்பிட இரண்டு கை வேண்டும், மகாசனங்களே! பாறைக்குப் பின்னால் தடவிப் பார்க்க ஒன்று போதும்.

மறுநாள் காலை நாத்தனார் ஊசி போட்டுக்கொண்டாள். எப்போதும்போல் வலித்தது.