கடைசி ஆளும் கடைசிக்கு முந்தின ஆளும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே பந்தயக்காரர்களின் முழங்கால்கள் நீங்கலாக மற்ற அனைத்தும் நலம். அங்கே உன் இரத்த அழுத்தமும் அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையும் ஏறாமல் இறங்காமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ ஒப்படைத்த காரியம் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் போகிற வண்டியை ஓட்டும் வேலை எனக்குக் கிடைத்ததும் நீ போன் செய்து, "முதல் மேட்டுலயே அவனுக்கு மூச்சு வாங்கும்டா, அப்படியே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துடு, அவங்கப்பா கடையில உக்காரட்டும்" என்றாய். முடியாமல் நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்ளத்தான் இந்த வண்டியே இருக்கிறது என்பதால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உன் மகனும் தினம் என் வண்டிக்கு நேர் முன்னால் போகிற கடைசிக் கும்பலில்தான் ஓட்டினான். ஒவ்வொரு மேட்டிலும் நான் கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கடா, ஏசி போட்டிருக்கேன்" என்பேன். அவன், "பேசாம வாங்க மாமா" என்பான். முதல் இரண்டு வாரம் எங்களுக்குள் நடந்த உரையாடல் மொத்தமும் இவ்வளவுதான்.

கெடுத்தது என் பக்கத்து சீட்டு அம்மாள். டிவியில் வர்ணனை செய்கிறவர்களுக்குத் துணுக்குத் தகவல் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. வேறு வண்டியில் இடமில்லாததால் என்னோடு ஏற்றிவிட்டார்கள். டிரைவர்கள் எல்லோரும் அவரைப் 'புள்ளிவிவரம்' என்றுதான் சொல்வோம். ஒருநாள்கூட முதலாவதாக வராமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்களாம். மூன்று வாரம் மிதித்துவிட்டு, தும்மி முடிக்கிற நேர வித்தியாசத்தில் தோற்றவர்களும் இருக்கிறார்களாம். பதின்மூன்றாம் எண் கிடைத்தால் அதைச் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்வார்களாம், அப்படியும் விழுகிறவர்கள் விழத்தான் செய்வார்களாம். நான் இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாங்க ஜன்னலோரம் வந்த உன் மகனிடமும் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தம்பி, மொத்த நேரக் கணக்குல நீங்க கடைசிக்கு முந்தின ஆள். கடைசி ஆளுக்கு ஊரே கை தட்டும், டிவியில கூப்பிட்டுப் பேசுவாங்க. கடைசிக்கு முந்தின ஆளை அவங்க வீட்லயே மறந்துடுவாங்க" என்றார். அன்று சாயங்காலம் இவன் தன் குழு மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவரும் யோசித்துவிட்டு, "கடைசியா வந்தா பேராவது தெரியும், அடுத்த வருஷமும் வச்சுக்கலாம். இல்லேன்னா கஷ்டம்" என்றிருக்கிறார்.

கடைசி இடத்தில் இருந்தவன் நெடுநெடு உயரம், எல்லோருக்கும் அவன் ஒட்டகம். அவன் மேனேஜரும் அவனிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார் போலும். மறுநாள் மலை ஓட்டம். உன் மகன் ஷூ நாடாவைக் கட்ட இறங்கினான். அந்த ஷூவில் நாடாவே கிடையாது. ஒட்டகம் ஒரு குழாயடியில் நின்று முகம் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். உன் மகன் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஒட்டகமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால் வண்டியை நிறுத்தினேன். மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர், "என்ன சார், யாருக்காவது அடியா?" என்றார். "இல்லீங்க, போட்டி கொஞ்சம் கடுமையா போயிட்டிருக்கு" என்றேன். அப்போதுதான் உன் போன் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

"டேய், டிவியில காட்டறான், ஏன்டா மரத்தடியில உக்காந்திருக்கான்? சாப்பிட்டானா?"

"வாழைப்பழம் சாப்பிடறான்க்கா."

"பக்கத்துல யாரு?"

"எதிரி."

"அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு."

கொடுத்தான். இருவரும் தின்றுகொண்டு என்னவோ பேசிச் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்துப் புள்ளிவிவரம் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "முதல் ஆள் வந்து இவ்வளவு நேரத்துக்குள்ள வரலைன்னா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் கடைசி இடம்கூடக் கிடையாது" என்றார். அக்கா, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அரைமணி நேரத்தில் உன் மகன் வண்டியில், நாளைக்குக் கடையில். உன் முகத்தை நினைத்துக்கொண்டேன், அத்தான் முகத்தையும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை ஹாரனை அழுத்திவிட்டது. "டேய், நேரம் ஆச்சுடா, ரெண்டு பேரும் வெளிய போயிடுவீங்க!" என்று கத்தியதும் நான்தான்.

பழத்தோலை வீசிவிட்டுப் பாய்ந்தார்கள் பார், மாறி மாறி ஒருவனுக்கு ஒருவன் காற்றை மறைத்துக்கொண்டு! என் வண்டியே இரண்டாவது கியரில் முனகியது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மேடையில் இருந்தவர்கள் அன்றைய கணக்கை மூடத் தயாராக நின்றார்கள். அன்று அந்தக் கடைசி மேட்டை அவர்களைவிட வேகமாக ஏறியவர் யாருமில்லை என்று அம்மாள் உடனே டிவிக்குச் சொல்லிவிட்டார். மரத்தடியிலிருந்து எழுந்து வந்ததிலும், அடுத்து வந்த நாட்களில் அங்கங்கே நின்றதிலும் உன் மகன் ஒட்டகத்தைவிடச் சில நொடிகள் கூடுதலாகத் தாமதம் சேர்த்து வைத்திருந்தான். நேற்றுப் பந்தயம் முடிந்தபோது அவன்தான் கடைசி. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், எனக்கே மூக்கு உறிஞ்ச வேண்டியதாயிற்று. மேனேஜர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆகவே கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி அத்தானிடம் பக்குவமாகச் சொல்லவும்.

அத்தானுக்கு வணக்கம். உன் கோபம் தணிந்த பிறகு எனக்கு ஆசீர்வாதம் அனுப்பினால் போதும், அவசரமில்லை.

இப்படிக்கு,
உன் சொல் கேளாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தகவல் வந்தது. கடைசி நாள் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டகம் யாரோ நீட்டிய ஐஸ்கிரீமை வாங்கித் தின்றிருக்கிறான். அந்த இடத்தில் தின்பது விதிப்படி குற்றமாம், அவன் கணக்கில் இருபது நொடி கூட்டிவிட்டார்கள். இப்போது அவன்தான் கடைசி. உன் மகன் கடைசிக்கு முந்தின ஆள். மேனேஜர் போனை எடுக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் ஒட்டகத்தின் அம்மாவுக்கு எழுதியதாக வைத்துக்கொள். இவன் தானாகவே வந்து வண்டியில் ஏறிவிட்டான், நாளைக்கு வந்துசேருவோம். கடையில் ஒரு வருஷம்தான் உட்காருவானாம். அடுத்த தடவை எங்கெங்கே மெதுவாகப் போகலாம் என்று பின்சீட்டிலிருந்து அம்மாளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர், "சொல்றேன் தம்பி, உங்க பேரு என்ன சொன்னீங்க?" என்கிறார்.