பல் டாக்டர் ஏறிய படிக்கட்டு

எதிர்வீட்டுப் பல் டாக்டரைவிட ஒரு படியாவது கூடுதலாக ஏறிவிடுவது என்று சபதம் எடுத்தேன். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேலே, மலையில் ஒரு பாழடைந்த மாளிகை இருக்கிறது. வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் ஓடிப்போய்த் தங்குவதற்குக் கட்டியது. அவர்கள் கப்பலேறியதும் வௌவால்கள் குடியேறிவிட்டன. அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கல்யாணமான நாள் முதலாய் என் மனைவி கேட்டு வந்தாள். முழங்கால் வலி, கடையில் வேலை, மழை வரும்போலிருக்கிறது என்று நானும் சளைக்காமல் தள்ளிப்போட்டு வந்தேன். நான் தையற்காரன். நாள் கடத்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போன வாரம் அவள் கேட்கவில்லை. காய் நறுக்கியபடி பெருமூச்சு மட்டும் விட்டாள். என்னவென்று விசாரித்தேன்.

"ஒண்ணுமில்ல. எதிர்வீட்டு அக்காவை டாக்டர் அந்த மாளிகைக்குக் கூட்டிட்டுப் போனாராம்."

"போகட்டுமே."

"உள்ள பெரிய படிக்கட்டாம். அக்காவைத் தூக்கிட்டே மேல வரைக்கும் ஏறினாராம்."

"அந்த ஆளா? ஒரு பல்லைப் பிடுங்கவே அவரைப் பின்னால இருந்து ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கணும்."

"உடம்புல என்ன இருக்கு. மனசு இருக்கே" என்றாள்.

கத்தி காயில்தான் இறங்கியது. வலி எனக்கு. அன்று நான் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். மாளிகையின் கதவு எப்போதோ விறகாகியிருந்தது. கூரை பாதி, வானம் பாதி. நடுக்கூடத்தில் அந்தப் படிக்கட்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவே சுவர். இரண்டும் உச்சியில் ஒரே மேடையில் சேர்ந்தன. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி தனித்தனியாக ஏறிப்போகக் கட்டியிருப்பான் போல.

நடந்தே வருவதாகச் சொன்னாள். ஒப்புக்குத்தான், சொல்லும்போதே கை என் கழுத்தில் விழுந்துவிட்டது. தூக்கினேன். பாதிப் படியில் கண்ணில் பூச்சி பறந்தது. முழங்கால் 'டக்' என்றது. டாக்டரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் துருத்தி ஊதுவதுபோல் சத்தம். என் மூச்சின் எதிரொலி என்றே நினைத்தேன்.

மேடையில் கால் வைத்தேன். எதிர்ப்படிக்கட்டிலிருந்து பல் டாக்டர் முளைத்தார். கையில் அவர் மனைவி.

"வாங்க" என்றார், மூச்சு வந்த இடைவெளியில். "உங்களுக்கு இது ரெண்டாவது தடவை இல்ல?"

"எனக்கா? உங்களுக்குத்தானே?"

"நான் எங்க வந்தேன்? நீங்க வீட்டம்மாவைத் தூக்கிட்டு ஏறினீங்கன்னு சொல்லித்தானே இவ ஒரு வாரமா என்னைச் சாப்பிட விடல."

இரண்டு பேருக்கும் இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை. எங்கள் கைகளில் சாய்ந்தபடியே பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அக்கா, அடுத்தது கடற்கரைதானே?" என்றாள் என் மனைவி. "அங்க முதல்ல போய்ட்டு வந்தது எங்க வீட்டுக்காரர்னு வச்சுக்கலாம். பாவம், முழங்கால் வலி."

டாக்டர் தன் மனைவியை இறக்கிவிடுவாரா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இறக்கிவிடவில்லை. நானும் தூக்கிக்கொண்டே இறங்கினேன்.