கல்யாணப் பூசைக்குள் புகுந்த மத்திய அலை

மத்திய அலை ஒலிபரப்பைக் கேட்க வானொலிப்பெட்டிதான் வேண்டுமென்றில்லை. ஒலிபரப்புக் கம்பம் பக்கத்தில் இருந்தால் துருப்பிடித்த வேலிகூடச் செய்தி வாசிக்கும். இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். அக்காவின் கல்யாணத்தன்று மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், உவர்நிலத்தில் அந்தக் கம்பம் நிற்கிறது. உப்பு ஈரமுள்ள தரை அலையை வெகுதூரம் அனுப்பும் என்று அங்கே நட்டார்களாம். சண்டைக்காலம் முழுக்க ஊமையாக நின்று, பிறகுதான் மறுபடி பேசத் தொடங்கியது. நான் அங்கே புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உதவியாளர். (அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.)

"ஸ்பீக்கருக்கு ஆள் பிடிக்கவோ?" என்று அப்பா கேட்டார்.

"வீட்டில றேடியோக்காரி இருக்க வெளியாள் என்னத்துக்கு?" என்றேன்.

கையில் கிடைத்த சாதாரண வயரை மைக்கிலிருந்து சுவரோரமாக இழுத்து அம்பிளிஃபயரில் சொருகினேன். அவ்வளவு நீள வயர் அருமையான அண்டெனா. காலையில் சோதித்தபோது நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியிருக்கவில்லை. சத்தம் தேன்போல வந்தது.

மாப்பிள்ளை அன்ரன் ஓலைத்தொடுவாயில் கடற்றொழில் செய்பவர். பாதர் அவரிடம், "ஸ்டெல்லாவை உமது மனைவியாக ஏற்றுக்கொள்கிறீரா?" என்று கேட்டார். அன்ரன் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"மிகவும் ஆபத்தானது. மறு அறிவித்தல் வரும்வரை எவரும் இறங்க வேண்டாம்."

கோயில் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் பார்வையில் என் பட்டம் பொசுங்கியது. வயரைப் பிடுங்க ஓடினேன்.

"மச்சாள், கழட்டாதேங்கோ. முழுக்கக் கேப்பம்," என்றார் அன்ரன்.

கடும் காற்று வருகிறது, படகுகளைக் கரையேற்றுங்கள் என்றது வானொலி அறிவித்தல். கல்யாணத்துக்கு வந்திருந்த எவரும் அன்று வானொலி கேட்டிருக்கவில்லை. ஆண்கள் எழுந்து கரைக்கு ஓடினார்கள். அன்ரன் அக்காவைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்கோ. நான் இஞ்சதான் நிப்பன்," என்றாள் அக்கா.

கடைசிப் படகும் கரையேறியபோது காற்று தென்னைகளை வளைக்கத் தொடங்கியிருந்தது. அன்ரன் சொட்டச் சொட்ட நனைந்த கோட்டோடு திரும்பிவந்து, மைக் இல்லாமலே "ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். கடைசி வரிசை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அன்று ஒரு படகும் கடலோடு போகவில்லை.

கோயிலுக்கு அலை புகாத நல்ல வயர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். பாதருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இப்போது பூசை முடிந்ததும் கடல்நிலை அறிக்கையை வானொலியில் கேட்டு அவரே வாசிக்கிறார்.

அன்ரன் கடலுக்குப் போகுமுன் நிலையத்துக்குப் போன் எடுத்து, "மச்சாள், இறங்கலாமோ?" என்பார். அக்கா கோபமாக இருக்கும் நாட்களில் வீட்டு வாசலில் நின்றும் இதே கேள்விதான். அதற்கு, பின்னால் போய் அக்கா சமைக்கும் குசினிப் பக்கம் காற்று எப்படியென்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.