சகலை வீட்டு டிவி கேம்

கழற்றும்போது ஒன்பது திருகாணிகள். ஜெயபாலன் அவற்றை எண்ணி, மைலோ டின் மூடியில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தான். எல்லாவற்றையும் மூட்டி முடித்த பிறகு, மூடியில் மூன்று மிச்சம் இருந்தன.

"ஆயிடுச்சாங்க?" அடுப்பங்கரையிலிருந்து அவன் மனைவி மங்களம் கேட்டாள்.

"ஆயிக்கிட்டே இருக்கு" என்றவன், மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேசைமேல் இருந்தது அவன் சகலை சன்னாசியின் டிவி கேம். கப்பலில் வேலை செய்த யாரோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்து, மூன்று கை மாறி, பீடோரில் சன்னாசி வீட்டுக்கு வந்து சேர்ந்த பழைய சாமான். மேலே சிவப்புப் பெட்டி, அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. கறுப்புப் பெட்டியின் வாயில் உள்ளங்கை அகல மஞ்சள் தட்டு ஒன்றைச் செருகினால், அது உள்ளே சுற்றும்; டிவியில் ஒரு குட்டி மனிதன் குகைக்குள் குதித்துக் குதித்து ஓடுவான். ஒரு வாரமாகத் தட்டு சுற்றவில்லை. குட்டி மனிதனும் வரவில்லை.

அன்று காலை மங்களத்தின் அக்கா மாரியம்மா, தன் தாய் ராக்காயியையும் அழைத்துக்கொண்டு, பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, பீடோரிலிருந்து பஸ் ஏறி ஜெலாப்பாங்குக்கே வந்துவிட்டாள்.

"ரோசாக் ஆயிடுச்சி தம்பி, ஓட மாட்டேங்குது. அவரு லோடு ஏத்திக்கிட்டு ஜொகூருக்குப் போயிருக்காரு. அவசரம் ஒன்னும் இல்ல, நிதானமா பாருங்க. ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல."

"ஒரு மாசமா? எதுக்குக்கா அவ்ளோ நாளு?" என்றான் ஜெயபாலன்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நாங்க ஒன்னும் நெனச்சுக்க மாட்டோம்."

அந்தப் பேச்சு ஜெயபாலனைச் சுருக்கென்று குத்தியது. "இதுதானேக்கா என் வேல" என்று சொல்லிவிட்டான்.

அது அவன் வேலை இல்லை.

ஜெலாப்பாங்கில் உள்ள எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் அவன் பேக்கிங் பிரிவில் இருந்தான். ரேடியோக்கள் வரிசையாக வரும். நுரைப்பஞ்சு வைத்துப் பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டி அனுப்புவான். ரேடியோவுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததே கிடையாது. ஆனால் நான்கு வருடத்துக்கு முன் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "மாப்பிள்ளை எலக்ட்ரானிக் ஃபேக்டரியில டெக்னீசியன்" என்று ஒரு போடு போட்டுவிட்டார். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு மறுத்துப் பேச ஜெயபாலனுக்கு வாய் வரவில்லை. அன்று வராத வாய் இன்றுவரை வரவில்லை. சட்டைப் பையில், கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் ஒரு டெஸ்ட் பேனாவைக் குத்திக்கொண்டே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டான். மாமியார் வீட்டு மேசைக் காற்றாடியும், இஸ்திரிப் பெட்டியும், ஒரு அலாரக் கடிகாரமும் 'பார்ட் வரணும்' என்ற பேரில் அவன் கட்டிலுக்கடியில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் திறந்தான். இம்முறை அடிவரைக்கும் போனான். கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு சின்னச் சக்கரங்கள். இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் ரப்பர் பட்டை உருகி, கறுப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது. ஜெயபாலன் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தொட்டதுமே தெரிந்துவிட்டது. வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் இப்படித்தான் விரலைப் பிடித்துக்கொண்டு விடாது.

வியாதி தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் தின்னரை ஊற்றித் துடைத்தான். பிசின் போய்விட்டது. அதே துணியால் பெட்டியின் முகத்தையும் ஒரு துடை துடைத்தான். அதில் அச்சடித்திருந்த ஜப்பான் எழுத்துகளும் போய்விட்டன.

"நல்லா பளபளன்னு இருக்கு" என்றாள் மங்களம், எட்டிப் பார்த்து. "என்னமோ எழுதியிருந்துச்சே?"

"அது தேவையில்லாத எழுத்து."

திங்கட்கிழமை சாயங்காலம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் சுற்றி வந்த ரப்பர் வளையத்தைச் சக்கரங்களில் மாட்டினான். தட்டைச் செருகி, சுவிட்சைத் தட்டினான். தட்டு சுற்றியது. ஜெயபாலன் மூச்சுவிடும் முன்பே 'டப்' என்று ஒரு சத்தம். வளையம் அறுந்து எங்கேயோ சுருண்டுகொள்ள, மஞ்சள் தட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. மெதுவாக இழுத்தான், வரவில்லை. இட்லித் தட்டைப் பிடிக்கும் இடுக்கியால் இழுத்தான். இடுக்கிதான் வந்தது.

சன்னாசி மூன்று மாதமாக அந்தக் குட்டி மனிதனை எத்தனை குகை தாண்ட வைத்திருந்தானோ, அத்தனை கணக்கும் அந்தத் தட்டில்தான் பதிந்திருக்கிறது. மாரியம்மாவே சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் திருகிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். பார்த்தால் கேள்வி கேட்பார். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிய ஜெயபாலன், அவசரத்தில் பிளக்கை நேராகச் சுவரில் குத்திவிட்டான். ஜப்பான் சாமானுக்கு நம்மூர் கரண்ட் ஆகாது. நடுவில் மாட்டுவதற்கென்று மாரியம்மா கொடுத்த கனத்த டப்பா கூடத்திலேயே கிடந்தது.

முதலில் வாசனை வந்தது. பிறகு புகை வந்தது.

"என்னங்க, ஊதுபத்தியா?" என்று கேட்டாள் மங்களம்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தது வேறு விஷயத்துக்கு. "ஜெயபாலன், பீடோர்லருந்து உனக்கு ஃபோன்லா. எங்க வீட்டுக்கு வந்து பேசு."

சன்னாசி, போன வேலை சீக்கிரமே முடிந்து திரும்பிவிட்டிருந்தான்.

"தம்பி, சாமான் உங்ககிட்ட இருக்குன்னு இப்பதான் மாரியம்மா சொன்னா. எனக்கு உசுரே வந்துச்சு. கடைக்காரன்கிட்ட குடுத்திருந்தா நோண்டி நாசமாக்கியிருப்பான். நீங்க டெக்னீசியன், கவலையே இல்ல."

"அதாவது அண்ணே, ஒரு பார்ட்டு..."

"சனிக்கிழம நம்ம லாரி ஆளுங்க நாலு பேரு பாக்க வாரானுங்க. நீங்களே கொண்டாந்து மாட்டிக் காட்டுங்க. இன்னும் நாலு நாள் இது இல்லாம இருந்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுத்துருவானுங்க."

ஜெயபாலன் ஃபோனை வைத்தான். நான்கு லாரிக்காரர்கள் முன்னால் அவன் டெஸ்ட் பேனாவோடு நிற்க வேண்டும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, பெட்டியைச் சுமந்துகொண்டு ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, பிளக்கோடு சேர்ந்த கரண்ட் கட்டைதான் கருகியது, பெட்டி தப்பித்துவிட்டது என்று மலாயில் சொல்லி, வேறு கட்டை ஒன்று கொடுத்தார். ஜெயபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இனி தாலி பூத்துஸ்" என்றார்.

மலாயில் தாலி என்றால் கயிறு, பட்டை. பட்டை அறுந்துவிட்டது என்கிறார். அது ஜெயபாலனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இருந்த நிலைமையில் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவன் நினைவு நேராக மங்களத்தின் கழுத்துக்குப் போனது.

புதுத் தாலி ஜப்பானிலிருந்து வர வேண்டும், வைத்துவிட்டுப் போனால் மூன்று மாதம் ஆகும் என்றார். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மங்களம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தான்.

"மங்களம், நான் உங்கிட்ட ஒன்னு சொல்லணும். ஃபேக்டரியில நான்..."

"அந்தப் பெட்டியப் பத்தித்தானே? முடியலன்னா விட்டுடுங்க. அக்கா ஒன்னும் சொல்லமாட்டா. அம்மாவும் ஒன்னும் சொல்லமாட்டாங்க."

அவள் எவ்வளவு கனிவாகச் சொன்னாளோ, அவ்வளவு கேவலமாக இருந்தது அவனுக்கு. இவ்வளவு நம்புகிறவளிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவனும் இரண்டு துணியை எடுத்து மடித்தான்.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் கை பாட்டுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. மனம் பீடோரில் சன்னாசியின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. லைனில் வேலை செய்யும் பெண்கள் விரல் அழுக்கு சாமானில் படக்கூடாது என்று மெல்லிய ரப்பர் உறைகளை விரலில் மாட்டியிருப்பார்கள். எல்ஸி என்ற பெண் தன் உறைகளை உருவிக் குப்பைக்கூடைக்கு எறிந்தாள். ஒன்று குறி தவறி ஜெயபாலனின் பெட்டிமேல் விழுந்தது.

அவன் அதையே பார்த்தான். உறையின் வாய்ப்பக்கம் சுருண்டு, கெட்டியான சின்ன வளையமாக இருந்தது. எடுத்தான், இழுத்துப் பார்த்தான். சுண்டியது.

"என்ன ஜெய் அண்ணே, குப்பைய பொறுக்குறீங்க?"

"எல்ஸி, இதுல புதுசு நாலு குடுலா."

"எதுக்கு?"

"வீட்டுல தாலி அறுந்துபோச்சு" என்றான் அவன், வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

எல்ஸி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கைப்பிடி நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிளேடால் அந்த வளையத்தை மட்டும் நறுக்கி எடுத்தான். முதல் வளையம் அறுந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து இருந்தது. ஐந்தாவது வளையம் இரண்டு சக்கரத்தையும் அளவெடுத்த மாதிரி அணைத்துக்கொண்டது. பெரிய சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினான். மாட்டிக் கிடந்த மஞ்சள் தட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தது. சட்டைப் பையில் ஒரு வாரமாகக் கிடந்த மூன்று திருகாணிகளுக்கும்கூட இடம் கிடைத்துவிட்டது. கனத்த டப்பாவை மறக்காமல் மாட்டினான். சுவிட்சைத் தட்டினான்.

தட்டு சுற்றியது. திரையில் குட்டி மனிதன் வந்து, பதினான்காம் குகை வாசலில் நின்றான்.

எத்தனையோ ரேடியோ ஜெயபாலன் கை வழியாகப் போயிருக்கிறது. அவன் கையால் உயிர் பிழைத்த சாமான் இது ஒன்றுதான். இனிமேல் யார் கேட்டாலும் டெக்னீசியன் என்று சொல்லலாம். அதில் பாதியாவது பொய்யில்லை.

மங்களம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வேல செய்யுதா?"

"செய்யுது."

"நெசமாவே செய்யுதா?" மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்கே கொண்டுபோகணுமா என்ன? இன்னும் கொஞ்ச நாள் வச்சு நல்லா பாத்துட்டு..."

"பயப்படாத. ஒன்னும் ஆவாது" என்றான் ஜெயபாலன். நான்கு வருடத்தில் அவன் அவளுக்குத் தைரியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மத்தியானம் பீடோரில் சன்னாசியின் கூடம் நிறைந்திருந்தது. லாரிக்காரர்கள் நான்கு பேரும் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபாலன் டெஸ்ட் பேனாவைக் கையில் எடுத்து, தேவையில்லாத இரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவிட்சைத் தட்டினான். குட்டி மனிதன் குதித்தான். பாயிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

சன்னாசி அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீங்க இனிமே சகலை இல்ல தம்பி, எனக்குச் சாமி." உடனே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையிலும் விளையாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, நண்பர்களில் ஒருவனிடம் திரும்பாமலே சொன்னான்: "திங்கக்கிழம குவாந்தான் லோட நீயே எடுத்துக்கிடு மச்சான். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு லாரி மொதலாளி தவுக்கேகிட்ட சொல்லிடு."

தேநீர்த் தட்டோடு வந்த மாரியம்மா நிலைப்படியிலேயே நின்றாள். திரையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு விருட்டென்று உள்ளே போனாள். பின்னாலேயே மங்களமும் போனாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தான் ஜெயபாலன். நல்ல வார்த்தை நாலு கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவனும் அடுப்பங்கரைக்குப் போனான். மாரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மங்களம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ராக்காயி மட்டும் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூவரில் ஒருவரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னா அத்தே, அக்காவுக்குச் சந்தோசமே இல்லயா?" என்று கேட்டான்.

ராக்காயி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க ஃபேக்டரியில பொட்டிக்கு டேப்பு ஒட்டுறவருன்னு பொண்ணு குடுக்கும்போதே எங்களுக்குத் தெரியும் மாப்ளே, அதனாலதானே, ஈப்போவுல இத்தன கட இருக்கயில, இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னேன்."