மார்கழிக் குளிருக்கு ஒரு வெளிர் ஊதாச் சேலை

தூத்துக்குடிக்குக் குளிர் என்பது பெரும்பாலும் கேள்விப்பட்ட சங்கதி. மார்கழி விடியலில் கடற்காற்று சற்றே மெலிந்து வீசும். அதையே நாங்கள் மரியாதை கருதிக் குளிர் என்று அழைத்துக்கொள்வோம். அத்தகைய ஊரில், எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழியில், கம்பளிச் சட்டை அணிய ஆசைப்பட்டவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆசையை விடச் சொல்லும் பதிகங்களை நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தவளும் நானேதான். பாடியதோடு சரி.

ஆசையை மூட்டியவள் பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை. ‘குளிர்காலத்தில் அடர்ந்த நிறம் உடுத்துவது இங்கே பட்டிக்காட்டுத்தனம் அக்கா, வெளிர் நிறந்தான் நாகரிகம்’ என்று எழுதி, ஒரு வெளிர் ஊதாச் சேலையும், கழுத்துவரை பொத்தான் வைத்த பால்நிறக் கம்பளிச் சட்டையும் அனுப்பியிருந்தாள். (ஊதா என்று சொன்னவள் அவள். எங்கள் தெரு வெளிச்சத்தில் அது, நீலம் கூடிப்போன வெள்ளை வேட்டியாகத்தான் தெரிந்தது.)

என் கணவர் அப்போது ஒரு வெங்காய வியாபாரியிடம் வேலை பார்த்தார். சரக்கோடு பாய்மரத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். மூன்று நாள்களாகக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தெருவே அவரைப் பற்றிக் கவலையோடு விசாரித்தது. அந்த நேரத்தில் ஒரு தந்தி வந்தது. ‘இன்று புறப்படுகிறோம்.’ தாமதமாகக் கிடைத்த தந்தி. கணக்குப் பார்த்தால் மறுநாள் வந்துவிடுவார். நான் கண்கலங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவாமி படத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தந்தி வாங்கியதையும் கதவு சாத்தியதையும் தெரு பார்த்தது. உள்ளே நடந்த வழிபாட்டைத்தான் பார்க்கவில்லை.

மறுநாள் எனக்கு, அதிகாலைத் தலைக்குளியலின் பலனாகக் கடுமையான ஜலதோஷம். தொண்டை முற்றாக அடைத்துவிட்டது. வாசலில் கோலம் போட முடியவில்லை. ஆவி பிடித்ததில் குங்குமம் கரைந்துபோக, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். ஈரத்தலையில் பூ வைக்கவில்லை. வருகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வெளிர் ஊதாவை உடுத்தி, தாலி மறையக் கழுத்துவரை பொத்தான் போட்டு, சிவந்த கண்களோடு வாசலில் வந்து நின்றேன்.

எதிர்வீட்டுப் பேச்சியக்கா குடத்தோடு குழாயடிக்கு வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேலையைத்தான் பார்க்கிறாள் என்று, கரை தெரியும்படி சற்றுத் திரும்பி நின்றேன். அவள் குடத்தைப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். (பொறாமை என்று நினைத்தேன்.)

சிறிது நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். பேச்சியக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“ஏளா கோமதி! இந்த வயசுல ஒனக்கு இதா எழுதியிருந்துச்சு!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடன்குடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவளுடைய மாமியார் போய்விட்டார் போலும் என்று ஊகித்தேன். ஆறுதல் சொல்லக் குரல் வேண்டுமே! அடைத்த தொண்டையில் எஞ்சியிருந்ததைக் கொண்டு, உடலின் நிலையாமையைச் சொல்லும் பதிகம் ஒன்றை அவள் காதருகே முணுமுணுத்தேன்.

“பாத்தியளா, இந்த நேரத்துலயும் பாட்டு படிக்கா! புள்ளைக்கு மனசு பேதலிச்சுப் போச்சு!” என்றாள் ஒருத்தி.

“தோணியில ஏறாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதாளா?” என்றாள் பேச்சியக்கா.

தோணி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கையை விலக்கிக்கொண்டு போய், சுவாமி படத்தடியில் வைத்திருந்த தந்தியை எடுத்தேன். அப்படியானால், தந்தி கொடுத்துப் புறப்பட்ட பிறகு கடலில் ஏதோ நடந்திருக்கிறது! துறைமுகத்துக்குச் செய்தி வந்து, ஊருக்கெல்லாம் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. “யார் சொன்னது?” என்று கேட்டேன், வெறும் காற்றுதான் வந்தது. மனப்பாடமாயிருந்த பதிகங்களில் ஒரு வரியும் துணைக்கு வரவில்லை. தந்தியை மார்போடு இறுக்கிக்கொண்டு, ஓசையில்லாமல் அழுதேன்.

அந்த வேளையில் என் கணவர் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். (கால் நிறையச் சேறு, கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார்.) கூட்டத்தையும், நடுவில் வெள்ளை போலொன்றை உடுத்தி அழும் என்னையும் கண்டார். விளாத்திகுளத்தில் வாத்தியாராயிருந்த என் தந்தையார்தாம் காலமாகிவிட்டார் என்று முடிவுசெய்து, பையை ஓரமாக வைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த பேச்சியக்காவிடம் மெல்ல விசாரித்தார்.

“எப்பக்கா போனாவ?”

“முந்தாநாத்து. நடுக்கடல்ல.”

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

“எங்க மாமாவுக்கு நடுக்கடல்ல என்னக்கா சோலி?”

பேச்சியக்கா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். அடுத்து அவள் போட்ட அலறலோடு ஒப்பிட்டால், அதுவரை அழுததெல்லாம் ஒத்திகை.

“ஏலே தம்பி! நீ செத்துட்டல்லா!”

“நான் எப்பக்கா செத்தேன்?”

“ஒம் பொண்டாட்டி சேலையப் பாருலே!”

அத்தனை பேர் முன்னிலையில், அந்தக் காலத்துக்குச் சற்றும் பொருந்தாத வகையில், அவருடைய ஈரச் சட்டையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். அவரோ குழப்பம் தீராமல், “அப்ப மாமா இருக்காவளா, இல்லையா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல எனக்குத்தான் குரல் இல்லையே.

இப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. கண் பரிசோதனைக்கு மதுரைக்குப் போனாலும், பேரன் வீட்டுக்குச் சென்னைக்குப் போனாலும், போய்ச் சேர்ந்தவுடன் தொலைபேசியில் அழைப்பார். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பதில்லை.

“கோமு, இன்னைக்கு என்ன கலர் சேல கெட்டியிருக்க?”

“செவப்பு.”

“அப்பச் சரி. நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று வைத்துவிடுவார்.